கண்ணாடிக் கூண்டில் சொன்ன பதில்

சாயங்காலம் கடையின் இரும்பு ஷட்டரை இழுத்துவிடும்போது எங்கள் முதலாளி தினமும் ஒரே வசனத்தைச் சொல்வார்.

"கதவைச் சாத்துவார்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். நான் பூட்டை எடுத்துக் கொடுப்பேன். இந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். முதல் தடவை கேட்டபோது பூட்டு கை நழுவிக் காலில் விழுந்துவிட்டது. பெருவிரல் நகம் கறுத்து, உதிர்ந்து, மறுபடி முளைத்தது. வசனம் அப்படியேதான் இருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்பதை முதலாளி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர் எழுந்து ஓடவா முடியும்? அந்தக் காலத்தில் டிவியில் 'ஒரே பதில்' என்று ஒரு போட்டி நிகழ்ச்சி வந்தது. கணவனையும் மனைவியையும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டில் உட்கார வைப்பார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கேள்வி ஒன்றுதான். இருவர் பதிலும் ஒன்றாக இருந்தால் பரிசு. ஒரு வாரம், கார் பரிசுக்கான கடைசிக் கேள்வி: வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் என்ன செய்வார்? கணவன் தன் கூண்டில் "சிரிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான். மனைவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வகுப்பில் முந்திக்கொண்டு பதில் சொல்லும் பிள்ளை மாதிரி, "கதவைச் சாத்துவார்" என்றாள்.

"அப்ப அடி கதவுக்குத்தான்!" என்றார் நிகழ்ச்சி நடத்தியவர். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. கார் போயிற்று. வசனம் ஊரெல்லாம் பரவிற்று.

அந்த மனைவி நான்தான்.

இதை முதலாளியிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது என் பெயர் வேறு. தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். இங்கே சேர்ந்த புதிதில், பவரே இல்லாத கண்ணாடியைத் தடித்த கறுப்பு ஃபிரேமில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். இத்தனை வருடத்தில் நிஜமாகவே பவர் வந்துவிட்டது. என் கண்ணாவது எனக்கு ஒத்தாசை செய்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு மரியாதையாக 'சாத்துவார்' என்று சொன்னேன். இப்போது எனக்கு அவர் வெறும் 'அவன்'தான். அவன் கதவைச் சாத்துவது பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக. படார் என்று அறைகிற ஆள் இல்லை. மெதுவாக, பூப்போலச் சாத்துவான். கீழே ஒரு தாழ்ப்பாள். மேலே, அவனே வாங்கி வந்து அடித்த இன்னொரு தாழ்ப்பாள். அதற்குப் பிறகுதான் அடி. கூண்டுக்குள் திடீரென்று கேட்டதும் வாய் உண்மையைக் கொட்டிவிட்டது. அவன் சொன்னதும் பொய் இல்லை. அடிக்கும்போது சிரிப்பான்.

நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது, நினைவாக இருக்கட்டும் என்று எங்கள் கையில் அதைப் பதிந்த ஒரு வீடியோ கேசட்டைக் கொடுத்தார்கள். வழி நெடுக அது என் மடியில் இருந்தது. வீட்டுக்குப் போனபின் நடந்ததை விவரிக்க எனக்கு மனசில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தது. அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அது பிழைத்ததே பெரும்பாடு. அந்த வாரமே ஒரு பையோடு கிளம்பிவிட்டேன். எனக்கு ஒரு மகள் இருப்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் கூடாது. மற்ற எதுவும் எனக்குப் பெரிதில்லை. மகளிடம், அப்பா அவள் பிறக்கும் முன்பே செத்துவிட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆசைப்பட்டதைத்தான் சொன்னேன்.

முதலாளிக்குப் போனில் ஒரு குழு உண்டு. பழைய நிகழ்ச்சிகளைப் பைத்தியமாகத் தேடுகிற கூட்டம். யார் வீட்டுப் பரணிலாவது பதிவு செய்த டேப் கிடைத்தால் இணையத்தில் போட்டுக் கொண்டாடுவார்கள். கிடைக்காததற்கு ஒப்பாரி வைப்பார்கள். டிவிக்காரர்கள் செலவை மிச்சம் பிடிக்கப் பழைய டேப்பின் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டார்களாம். 'கதவைச் சாத்துவார்' வாரத்தின் மேல் ஏதோ ஒரு கால்பந்தாட்டம் உட்கார்ந்திருக்கிறதாம். முதலாளி அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அந்தக் கால்பந்தாட்டக்காரர்கள் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும் என்று நான் மனசுக்குள் வாழ்த்துவேன். எங்களுக்குக் கொடுத்த கேசட்டை அவன் அன்றைக்கே உடைத்திருப்பான் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். தோற்றதைப் பத்திரப்படுத்துகிற ஆள் இல்லை அவன்.

போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் ஒரு ஃபிரேமின் காதுப்பக்கத்தைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு உள்ளே ஓடி வந்தார்.

"கெடச்சிடுச்சும்மா! கதவைச் சாத்துவார் கெடச்சிடுச்சு! ராத்திரியே வந்துடுச்சு, பிஸ்கட்டோட சொல்லலாம்னு அடக்கி வச்சிருந்தேன். ஒருத்தர் கேசட்டே வச்சிருக்காராம். படம் போட்டிருக்காரு பாருங்க!"

போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஓடுகிற டிவித் திரையை எதிரே நின்று எடுத்த படம். கண்ணாடிக் கூண்டு, காதில் பெரிய ஹெட்போன், மைக். கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது என் மகள். ஒரு கணம் அப்படித்தான் தெரிந்தது. அதே நெற்றி, அதே தாடை. நான் என் முகத்தை ஒளித்து ஒளித்து வைத்தேன். அது போய் மகளிடம் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

"கருகுதும்மா!" என்றார் முதலாளி. ஃபிரேம் சூட்டில் சுருண்டு போயிருந்தது.

போனை வாங்கி விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். திரையின் இருட்டான மூலையில் படம் எடுத்தவனின் அறை மங்கலாகப் பிரதிபலித்தது. ஒரு கதவு. கீழே ஒரு தாழ்ப்பாள், மேலே ஒரு தாழ்ப்பாள்.

போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"நம்ம பாப்பா மாதிரியே இல்ல?" என்றார் அவர்.

"எல்லாருக்கும் ரெண்டு கண்ணு ஒரு மூக்குதானே முதலாளி," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"அட, நீங்க வேற! அச்சு அசல். நான் ராத்திரியே நம்ம போஸ்டரைப் படம் எடுத்துக் குழுவுல போட்டுட்டேன். பாருங்கப்பா, அந்தம்மா திரும்பப் பொறந்து எங்க கடைக்கு வந்திருக்காங்கன்னு. ஒரே கலகலப்பு!"

போஸ்டர் கடைச் சுவரில்தான் இருந்தது. போன வருடம் புது ஃபிரேம்கள் வந்தபோது முதலாளி என்னை நிற்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அப்படியானால் பாப்பாவை நிறுத்தலாமா என்றார். சரி என்று தலையாட்டிய முட்டாள் நான்தான். சிவப்பு ஃபிரேம் போட்டுக்கொண்டு என் மகள் சிரிக்கிறாள். அவள் காலடியில் கடைப் பெயர், தெரு, கதவு எண், எல்லாம் கொட்டை எழுத்தில்.

"கேசட்காரர் அதைப் பாத்துட்டு உடனே எனக்குத் தனியா எழுதினாரும்மா. எவ்வளவு நல்ல மனுஷன் தெரியுமா! தபால்ல அனுப்ப மாட்டாராம். நேர்ல கொண்டாந்து கையில தர்றாராம். இன்னைக்கு நாலு மணிக்கு வர்றாரு. அதான் பிஸ்கட்டு."

சுவரில் கடிகாரம் இருக்கிறது. நாலாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மகள் அடுத்த தெரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவாள். அவளும் நாலுக்குத்தான் வருவாள்.

"முதலாளி," என்றேன். "அந்தக் கேசட் வேற எங்கயும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். எங்க வீட்டுல இருந்துது."

அவருக்குப் புரியவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் எதிர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், என்னை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் என்ன செய்வாருன்னு அன்னைக்கு யாரும் கேக்கல முதலாளி. எல்லாரும் சிரிச்சீங்க."

அவர் பரிசோதனை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிஸ்கட் பொட்டலம் மடியிலிருந்து உருண்டது.

"தெனமும் சொல்லியிருக்கேனேம்மா," என்றார். "தெனமும் உங்க முன்னாடி நின்னு..."

"அது கெடக்கட்டும். பாப்பா இருக்கறது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா விடமாட்டான். இப்ப என்ன பண்றது?"

மகளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனைப் பைக்குள் போட்டுவிடுவாள். முதலாளி குழுவில் போட்ட படத்தை அழித்தார். அழித்து என்ன பயன்? அவனைப் போனில் கூப்பிட்டு, இன்றைக்குக் கடை இல்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தெருமுனையில நிக்கறேன்னு சொல்றாரும்மா. சிரிக்கறாரு."

மருந்துக்கடைக்குப் போக அந்தத் தெருமுனையைத்தான் தாண்ட வேண்டும். முதலாளி எழுந்து போய் உள்ளேயிருந்தே ஷட்டரை இறக்கினார். முதல் தடவையாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறக்கினார். கடை இருண்டது. அவர் ஒரு மூலையில் நின்று போலீசுக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தார். வருகிறார்களாம். எப்போது என்று சொல்லவில்லையாம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருடம் ஓடி, எவ்வளவு தூரம் வந்து, கடைசியில் மறுபடி ஒரு சாத்திய கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஓடிப் போக வேறு வழி இருந்தால் அப்போதே ஓடியிருப்பேன். எங்கள் கடைக்குப் பின்வாசல் கிடையாது.

ஷட்டரை யாரோ நகத்தால் தட்டினார்கள். பணிவாக, அவசரமே இல்லாமல்.

"சார், இருக்கீங்களா? கேசட் கொண்டாந்திருக்கேன்."

அந்தக் குரலுக்கு வயதே ஆகவில்லை. முதலாளி ஃபிரேம் திருகும் சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பேசாமல் இருந்தால் போய்விடுவான் என்று நினைத்தோம்.

என் மடியில் போன் ஒளிர்ந்தது. மகள்.

"அம்மா, என்ன கடையைச் சாத்திட்டீங்க? நான் வாசல்லதான் நிக்கறேன்." குரல் போனிலும் கேட்டது, ஷட்டருக்கு வெளியிலும் கேட்டது. "இங்க ஒரு சார் கேசட்டோட நிக்கறாரு. நல்லா பேசறாரும்மா. நான் அவருக்குத் தெரிஞ்சவங்க மாதிரியே இருக்கேனாம். என் வயசு என்னன்னு கேக்கறாரு."

"சொன்னியா?"

"சொன்னேனே. ஏம்மா?"

வெளியே அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அடுத்தது என்ன என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. முதலாளி என் கையைப் பிடித்தார்.

"வேணாம்மா. போலீஸ் வந்துடட்டும்."

"பாப்பா வெளிய இருக்கா முதலாளி."

குனிந்து ஷட்டரைத் தூக்கினேன். என் ஒரு ஆளால் ஆகவில்லை. அவரும் கை கொடுத்தார். வெளிச்சம் உள்ளே வந்தது. முதலில் மகளின் செருப்பு தெரிந்தது. அதை ஒட்டி, மிக ஒட்டி, பளபளவென்று தேய்த்த ஒரு ஜோடி ஷூ. பிறகு அட்டை உறையில் கேசட். பிறகு அவன் முகம். முடி நரைத்திருந்தது. சிரிப்பு நரைக்கவில்லை.

மகளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்து என் முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். "என்னம்மா?" என்று திகைத்துக் கேட்டாள். பதில் சொல்ல நேரமில்லை.

"இவ்வளவு நாள் கழிச்சுப் பாக்கறோம்," என்றான் அவன், தெருவில் யாருக்கும் கேட்காத குரலில். "நடுத்தெருவுல எதுக்கு? மூணு பேரும் உள்ள போயிடலாம். கதவைச் சாத்திட்டு நிதானமாப் பேசலாம்."

அவன் கை ஷட்டரை நோக்கி உயர்ந்தது. எனக்குக் குரல் வந்தது. எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தம்வரை கேட்கிற மாதிரி, தெரு கிழிகிற மாதிரி வந்தது.

"கதவு தெறந்தேதான் இருக்கும்! என்னை அடிச்சுக் கொல்லப் பாத்தவன்டா நீ! எல்லாரும் பாக்கட்டும்!"

முதலாளி பரிசோதனை நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து ஷட்டருக்கு நேர் கீழே, வாசலின் நட்டநடுவில் போட்டு, அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் மொத்தமும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.