தோல் பெட்டிக்குள் ஒரு லென்ஸ்

மூன்றாவது மக்கன் பேடாவையும் சம்பூர்ணம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் அது தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"கூச்சப்படாதேம்மா" என்றாள் பில்கிஸின் மாமி.

"கூச்சம் இல்லே மாமி. அவளுக்கு நெசமாவே போதும்" என்றாள் பில்கிஸ்.

"உனக்கு இன்னா தெரியும்? வந்த எடத்துலே யாரு முதல் தடவையே சரின்னு சொல்லுவாங்க?"

சம்பூர்ணம் சிரித்துவைத்தாள். வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை அறுத்துக் காட்டும்போது தயங்காமல் பேசுவாள். தவளை இல்லாத இடங்களில் அவளுக்குப் பேச்சு வராது. அதே கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பில்கிஸ்தான் அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவள். அன்று ஆம்பூருக்கு, தன் மாமா நிசார் அஹமது வீட்டுக்கு அவளை இழுத்து வந்ததும் பில்கிஸ்தான்.

வந்த காரியம் ஒரு லென்ஸ்.

நல்ல மழை பெய்த வருஷங்களில் காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கூழைக்கடாப் பறவைகள் வரும். போன மார்கழியில் சம்பூர்ணம் தன் பெட்டிக் கேமராவோடு விடியற்காலையில் போய்க் கரையில் நின்று படம் எடுத்தாள். கழுவி வந்த படத்தில் ஏரி இருந்தது. ஏரியின் நடுவில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அதைப் பெரிதாக்கி ஆய்வகச் சுவரில் மாட்டினாள். மறுநாள் கல்லூரிப் பியூன் ஈரத்துணியோடு வந்து, "படத்துமேலே சுண்ணாம்பு தெறிச்சிருக்கும்மா, தொடைச்சுடட்டுமா?" என்று கேட்டார்.

இந்தக் கதையைப் பில்கிஸ் ஆம்பூரில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நிசார் அஹமது சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணைக் கூட்டிக்கினு வா. கேமராவும் ஒரு லென்ஸும் தர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

தோல் வியாபாரமாக ஜெர்மனிக்குப் போய் வருகிறவர் அவர். போகும்போதெல்லாம் கேமராச் சாமான் ஏதாவது வாங்கி வருவார். ஏலகிரிப் பக்கமும் ஒடுகத்தூர்க் காட்டுப் பக்கமும் போய்ப் பறவை, மான் என்று எடுத்துத் தள்ளிய மனிதர், ஒரு வருஷமாகக் கேமராவைத் தொடவில்லை.

"கண்ணு போயிக்கினு இருக்குதாம்" என்று மாமி தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவரோட அத்தா, என் மாமனாரு, அவருக்கும் இந்த வயசுலேதான் போச்சு. ஆபரேஷன் பண்ணியும் வரலே. டாக்டர்கிட்டே போலாம்னா, அவர் சொல்லிட்டா அது நெசமாயிடும்ங்கிறாரு. டேனரியிலே தோலைப் பார்த்து ரகம் பிரிக்கிறதையும் விட்டுட்டாரு. இருபத்தஞ்சு வருஷமா யார்கிட்டேயும் விடாத வேலை அது."

நிசார் அஹமது உள்ளே வந்ததும் மாமி பேச்சை நிறுத்தினாள். அவர் கையில் இரண்டு சுமைகள். ஒன்று பழைய குடியாத்தம் லுங்கியில் சுருட்டிய நீளமான மூட்டை. மற்றது ஒரு தோல் பெட்டி.

லுங்கியை முதலில் பிரித்தார். முழங்கை நீளத்துக்குக் கறுப்புக் குழாய் போல ஒரு லென்ஸ்.

"இது நானூறு எம்.எம். தூரத்துலே இருக்கிறதைக் கொண்டாந்து மூக்குமேலே வெக்கும். ஆனா ஒரே பிடிவாதம். குறுக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. கையிலே புடிச்சா நடுங்கும். ஸ்டாண்டு போட்டே ஆவணும்."

பிறகு தோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். தேன் நிறத்தில், விளிம்பெல்லாம் இரட்டைத் தையல் போட்ட பெட்டி. பித்தளைக் கொக்கி. உள்ளே சிவப்புக் கம்பளித்துணி.

"இது ஜூம். எண்பதுலேருந்து இருநூத்தி நாப்பது வரைக்கும் போவும். இந்த வளையத்தைத் திருப்பினா போதும், நாம நின்ன எடத்தைவிட்டு நகர வேணாம். வாங்கியாந்த அன்னிக்கே பெட்டி தெக்கச் சொன்னேன். ஆவாரம்பட்டையிலே பதம் போட்ட தோல், எங்க டேனரி சரக்கு. நானே பொறுக்கி எடுத்தேன். இதுக்குள்ளே வெச்சா எதுவும் கெடாது."

பில்கிஸ் சொல்லக் கேட்டு, அந்த ஜூம் லென்ஸைத்தான் சம்பூர்ணம் பஸ்ஸிலேயே மனசுக்குள் எடுத்துக்கொண்டிருந்தாள். பறவை கிட்டே வந்தால் குறுக்கிக்கொள்ளலாம், தள்ளிப் போனால் நீட்டிக்கொள்ளலாம். கிணற்றோரத்துத் தூக்கணாங்குருவிக்கும் அது போதும், ஏரிக்கும் ஓரளவுக்கு எட்டும். நீள லென்ஸ் அப்படி இல்லை. பறவை அருகில் வந்துவிட்டால் நாம்தான் பின்னால் நடக்க வேண்டும். காவேரிப்பாக்கம் கரையில் பின்னால் நடந்தால் உருண்டு வயலில் விழ வேண்டியதுதான்.

"எது வேணுமோ சொல்லு. மிச்சம் இருக்கிறது என் பார்ட்னர் பையனுக்கு, பெங்களூருக்குப் போவும். காலேஜுக்குக் கொடுத்ததா நெனைச்சுக்கோ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மேலே வா, பார்த்துட்டுச் சொல்லு."

கேமரா, இரண்டு லென்ஸ், ஸ்டாண்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள். ஆம்பூரின் தோல் வாசனை அங்கே இன்னும் தாராளமாக வீசியது. தூரத்தில் டேனரியின் பின்புறம், தோலிலிருந்து சீவி எறிந்த கொழுப்புக்காகப் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. இரண்டொன்று பக்கத்துத் தென்னையில் உட்கார்ந்திருந்தன.

நிசார் அஹமது ஜூமைக் கேமராவில் மாட்டிக் கொடுத்தார். சம்பூர்ணம் தென்னை மேல் இருந்த பருந்தைப் பிடித்தாள். வளையத்தைத் திருப்பினாள். பருந்து வழுக்கிக்கொண்டு அருகில் வந்தது. வந்ததே தவிர, பாலில் தோய்ந்தது போல வந்தது. இறகு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கண்ணை எடுத்துப் பார்த்தாள். வானம் பளிச்சென்று இருந்தது. முந்தானையால் லென்ஸின் முகப்பைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே புகை.

"எப்படி இருக்குது?"

அவர் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. தோளில் அந்தத் தோல் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

"தெளிவா தெரியுதா?"

"தெரியுது சார்."

அவர் கேமராவை வாங்கித் தானும் பார்த்தார். சீக்கிரமே இறக்கிவிட்டார்.

"அப்போ சந்தேகமே வேணாம்" என்றார், யாரிடமோ சொல்வது போல. "உனக்குத் தெளிவா தெரியுது. எனக்கு இதுலே எல்லாம் பொகையாத்தான் தெரியுது. அத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

 பேடாவை மறுக்கிற மரியாதை போல, லென்ஸைப் புகழ்கிற மரியாதை என்று நினைத்துச் சம்பூர்ணம் சொன்னது ஒரு மனிதரின் கண்ணில் போய் விழுந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் சார்" என்று கேமராவை வாங்கினாள். லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான வானத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தாள். மேலே ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். உள்ளே, இரண்டாவது கண்ணாடியில், விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சன்னமான வெள்ளை இழைகள். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, வலைபோலப் படர்ந்திருந்தன. அவள் அதைப் பார்ப்பது முதல் தடவை அல்ல. ரொட்டித் துண்டில் வளர்த்து மைக்ராஸ்கோப்பின் அடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியிலேயே அது வளர்ந்துவிட்ட ஒரு மழைக்காலத்தில், உறைகளையெல்லாம் கழற்றி எறியச் சொல்லிப் பேராசிரியை கத்தியதும் நினைவுக்கு வந்தது. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் எந்த உறையும் கண்ணாடிக்கு எதிரி. தோல் உறை முதல் எதிரி.

இதை ஒரு தோல் வியாபாரியிடம், அவர் பொறுக்கி எடுத்த தோலைப் பற்றி, அவர் வீட்டு மாடியில் நின்று எப்படிச் சொல்வது?

"எனக்கு அந்த நீளமானதே போதும் சார்" என்றாள்.

"பாரு, ஜாஸ்தி விலைன்னு நெனைக்குது" என்றார் அவர்.

"கூச்சப்படுது" என்றாள் டீயோடு மேலே வந்த மாமி. "பேடாவையும் இப்படித்தான் வேணாம் வேணாம்னுச்சு."

"இல்லே மாமி, நெசமாவே…"

"ஜூமை எடுத்துக்கோடி" என்று பில்கிஸும் சேர்ந்துகொண்டாள். "பஸ்ஸு பூரா அதைப் பத்தியேதானே சொல்லிக்கினு வந்தே?"

"அப்படிச் சொல்லு" என்று நிசார் அஹமது பெட்டியின் வாரைக் கழற்றிச் சம்பூர்ணத்தின் தோளில் மாட்டிவிட்டார். "இந்த வீட்டிலே போதும்ங்கிற வார்த்தை செல்லாது. நல்ல கண்ணு இருக்கிறவங்க கையிலே இருக்கட்டும்."

பெட்டி கனத்தது. அவள் அதை மெதுவாகக் கழற்றிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள்.

"சார், நான் பொய் சொன்னேன்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தவளையைப் பார்த்துப் பேசுவது போல.

"எனக்கும் பொகையாத்தான் தெரிஞ்சுது. உங்க மனசு சங்கடப்படுமேன்னு நல்லா இருக்குன்னேன். லென்ஸுக்குள்ளே பூசணம் புடிச்சிருக்கு. யார் பார்த்தாலும் பொகையாத்தான் தெரியும். பெட்டியிலே வெச்சதாலே வந்தது. தோல் ஈரத்தை இழுக்கும் சார்."

"பூசணமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் சாய்த்தது போலவே லென்ஸைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். கட்டைவிரலால் உள்துணியை அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி முகர்ந்தார்.

"பூசணம்தான்" என்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. "கொடோன்லே ஒரு தோல்மேலே பூசணம் புடிச்சா, எவன்டா பார்க்காம வெச்சதுன்னு டேனரியையே கூட்டிடுவேன். என் அலமாரியிலே நானே வளத்து வெச்சிருக்கேன். ஒரு மழைக்காலம் உள்ளேயே கெடந்துச்சு. அதுக்கப்புறம் எடுத்த படமெல்லாம் பொகை."

"அப்போ கண்ணு?" என்றாள் மாமி.

சிரிப்பு நின்றது. நீள லென்ஸ் லுங்கியின்மேல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"அதை எடுத்தே ரொம்ப நாளாச்சு. அதுலேயும் பொகையா இருந்தா?"

 பில்கிஸ் முக்காலி ஸ்டாண்டை விரித்து நிறுத்தினாள். அதற்குள் சம்பூர்ணம் அந்த லென்ஸையும் வானத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்துவிட்டாள். உள்ளே சுத்தமாக இருந்தது. லுங்கிக்குள் காற்றோட்டமாகக் கிடந்தது அது. இனி இதில் புகை தெரிந்தால் அது கண்ணாடியின் புகை அல்ல.  அதைக் கேமராவில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

நிசார் அஹமது குனிந்தார். தேடினார். ஃபோகஸ் வளையத்தை முன்னும் பின்னும் திருப்பினார். டீ ஆடை கட்டியது. கீழே தெருவில் ஒரு மாட்டுவண்டி போய் முடிந்தது. அவர் இன்னும் நிமிரவில்லை.

"ஏங்க" என்றாள் மாமி.

"வால்லே ஒரு எறகு கொறையுது" என்றார் அவர்.

"என்னது?"

"பருந்துக்கு. வால்லே நடுவுலே ஒரு எறகு இல்லே. இந்தப் பொண்ணைப் பார்க்கச் சொல்லு."

அவர் நகர மனமில்லாமல் நகர்ந்தார். சம்பூர்ணம் குனிந்து பார்த்தாள். தென்னை மட்டையில் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது பருந்து. கண்ணின் பழுப்பு தெரிந்தது. காலில் ஒட்டிய சதைத்துணுக்கு தெரிந்தது. விரித்த வாலின் நடுவே, பல் விழுந்த இடம் போல, ஓர் இறகின் இடைவெளி.

"ஆமா சார். ஒண்ணு இல்லே."

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வருஷமா இந்த மனுசனாலே எனக்கும் தூக்கம் இல்லே. இப்போ பருந்து வாலை எண்றாரு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனாலும் நாளைக்கு டாக்டர்கிட்டே போறோம்."

"போலாம். இப்போ போறதுக்கு இன்னா?" என்று அவர் மறுபடி கேமராவுக்குக் குனிந்துகொண்டார்.

"மாமு, அவளுக்கு எதைத் தர்றீங்க?" என்றாள் பில்கிஸ்.

"நீளமானதைத்தான் கேட்டுச்சு."

"அப்போ கொஞ்சம் நகருங்க."

"இரு, இன்னொண்ணு வந்து உக்காருது."

பில்கிஸ் சம்பூர்ணத்தின் காதில், "அவ்ளோதான். இனிமே உனக்குப் பெட்டிக் கேமராதான்" என்றாள். சம்பூர்ணத்துக்கு அப்போது அதுகூடச் சம்மதமாகத்தான் இருந்தது.

அப்படி ஒன்றும் ஆகவில்லை. கேமராவும் நீள லென்ஸும் அவள் கைக்கே வந்தன, ஒரு நிபந்தனையோடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பாக்கத்துக்கு அவர் காரில்தான் போக வேண்டும், படம் ஆளுக்குப் பாதி எடுக்க வேண்டும். பூசணத்தைத் துடைக்க முடியுமா என்று பார்க்க ஜூம் மெட்ராஸுக்குப் போகும். திரும்பி வந்தால் பிஸ்கட் டின்னில், ஒரு பொட்டலம் வறுத்த அரிசியோடு இருக்கும். அரிசி ஈரத்தை வாங்கிக்கொள்ளும் என்று சம்பூர்ணம் சொன்னதை மாமி இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும்போது மாமி பேடாத் தட்டோடு வாசல்வரை வந்தாள்.

"கொடுங்க மாமி" என்று சம்பூர்ணம் தானே ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பில்கிஸ் மாமா வீட்டிலேயே தங்கிவிட்டதால் பேச ஆள் இல்லை. நீள லென்ஸை லுங்கியோடு சுற்றி மடியில் கிடத்தி, பஸ் குலுங்கும்போதெல்லாம் அணைத்துக்கொண்டாள். பள்ளிகொண்டா தாண்டி மிச்சச் சில்லறை கொடுக்க வந்த கண்டக்டர் மூட்டையைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கொழந்தைக்கு மூச்சு முட்டப் போவுதும்மா. மூஞ்சியை மூடாதே, கொஞ்சம் காத்து படட்டும்."

வேறொரு நாளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள்.

"கொழந்தை இல்லீங்க, கேமரா லென்ஸ். ஆனா நீங்க சொல்றது சரிதான், இதுக்கும் காத்து படணும்" என்று சொல்லி, லுங்கியின் நுனியைக் கொஞ்சம் விலக்கிவிட்டாள்.