கிணற்றில் பதினேழு டிகிரி

சோமசேகரன் கப்பலில் என்ன வேலை பார்க்கிறான் என்று அம்பகரத்தூரில் யாராவது கேட்டால், அவன் அப்பா கைலாசநாதன் "நீர்நிலை மேற்பார்வை" என்று சொல்லுவார். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். மருமகள் அன்னபூரணிக்குத்தான் விஷயம் தெரியும். வெள்ளைக்காரர்கள் சும்மா ஊர் சுற்றுவதற்கென்றே போகிற உல்லாசக் கப்பல் அது. அதன் மேல்தளத்தில் ஒரு நீச்சல் குளம். மணிக்கு ஒருதரம் அதில் தெர்மாமீட்டரை விட்டு, தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்த்து, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பது அவள் புருஷன் வேலை.

பக்கத்து வீட்டுத் தங்கையனுக்கு இதை எத்தனை தரம் சொல்லியும் மனம் ஒப்பவில்லை.

"சுத்தியும் கடலு. அந்தக் கடல்தண்ணியவே மேல ஏத்தி, ஒரு குழியில ஊத்தி, சூடு பண்ணி, அதுல எறங்கிக் குளிக்கிறாங்களா?"

"ஆமாங்கண்ணே."

"அதுக்குக் கடல்லயே குளிச்சிட்டுப் போயிடலாமே தங்கச்சி."

கல்யாணமான புதிதில் அன்னபூரணியும் புருஷனிடம் இதையேதான் கேட்டாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

கல்யாணம் எண்பதாம் வருஷம் தை மாதம். அதன் பிறகு அவன் வீட்டிலிருந்தது ஐம்பத்திரண்டு நாள். பேச்சு என்றால் அவனுக்கு வேப்பங்காய். அந்த ஐம்பத்திரண்டு நாளில் அவன் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு தபால் கார்டில் இடம் மிச்சமிருக்கும். ஒரே ஒரு நாள் காலையில், கொல்லைக் கிணற்றடியில், அவள் இறைத்து வைத்த வாளிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமல் அவனாகவே பேசினான்.

"இது இருபத்தேழு" என்றான்.

"எப்புடிச் சொல்றீங்க?"

"கைக்குத் தெரியும். இருபத்தேழுன்னா யாரையும் கூப்புட வேணாம், தானா வந்து எறங்குவாங்க. இருபத்திரெண்டுன்னா ஓரமா உக்காந்து காலை மட்டும் விடுவாங்க. பதினேழுக்கு வந்துட்டுதுன்னா சுடுதண்ணிக் கொழாயில என்னவோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். எங்க ரூம்ல மணி அடிக்கும். சாப்புட்டுக்கிட்டு இருந்தாலும் பாதியில கையக் கழுவிட்டு ஓடணும்."

"பதினாறுன்னா?"

"பதினாறுக்கு உட்டதில்ல."

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் பல்வரிசை நன்றாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் கப்பலுக்குப் போய்விட்டான். எட்டு மாத ஒப்பந்தம், கார்த்திகையில் முடியும்.

இனி கைலாசநாதனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் தபால் பிரிவில் இருந்தவர். வருகிற கடிதத்தைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. ஓய்வு பெற்றபோது முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பழக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அதைத் தட்டிக் கேட்கவும் ஆளில்லை. காரைக்காலில் சொல்லிப் புதிதாக ஒரு முத்திரை செய்துகொண்டார். அந்த வீட்டுக்கு வருகிற எதுவானாலும், கல்யாணப் பத்திரிகை ஆனாலும் சரி, அவர் பிரித்து, குத்தி, ஏற்றி, உரக்கப் படித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கடிதம் என்றால் அப்படித்தான் என்று நினைத்தார்.

சோமசேகரனின் முதல் கடிதத்தில் கடைசி வரி, "அன்னத்தை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்" என்றிருந்தது. கைலாசநாதன் கூடத்தில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அதை உரக்கப் படித்தார். அடுப்படி வாசலில் நின்றிருந்த அன்னபூரணியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் "சொல்லப்பட்டது" என்று எழுதித் தேதி போட்டார். பதிலிலும் அதைத் தெரிவித்தார்.

அதன் பிறகு சோமசேகரன் அப்படிப்பட்ட வரி எதுவும் எழுதவில்லை. கடிதமெல்லாம் ஒரே மாதிரி வந்தது. "இங்கு நலம். குளம் இருபத்தேழு. காற்று முப்பது. நேற்றுக் குளம் இருபத்தாறரை." அன்னபூரணி எட்டாவது வரை படித்தவள்தான். எழுதத் தெரியும். ஆனால் தபாலாபீஸ் இரண்டு வீடு தள்ளி, கைலாசநாதனின் சிநேகிதர் வீட்டு முன்னறையில் இருந்தது. அங்கே போய் ஒரு வெளிநாட்டுக் கடிதத்தாள் வாங்குவதும் மாமனாரிடம் நேரில் சொல்வதும் ஒன்றுதான். அதனால் அவள் டிகிரிகளைப் படித்துக்கொண்டாள். இருபத்தேழு என்றால் நன்றாக இருக்கிறான். இருபத்தாறரை என்றால் யாரோ திட்டியிருக்கிறார்கள். அவளாக வைத்துக்கொண்ட அர்த்தம்தான். வேறு வழி?

ஆவணியில் பீர் மைதீன் வந்தான். அதே கப்பலில் சமையல் கட்டில் வேலை, காரைக்கால்காரன், விடுமுறையில் வந்திருந்தான். துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொடுத்தான். பித்தளைக் கூட்டுக்குள் ஒரு தெர்மாமீட்டர், தலையில் வளையம், வளையத்தில் கயிறு. அடியில் சின்னக் கிண்ணம்போல இருந்தது. மேலே இழுத்தாலும் அதில் தண்ணீர் தங்கும், அளவு உடனே மாறாது.

"பழசாப் போச்சுன்னு கப்பல்ல குடுத்துட்டாங்க. நம்ம வீட்டுக் கெணறு எத்தனைன்னு பாத்து எழுதச் சொன்னான்" என்றான் பீர் மைதீன்.

"எதுக்காம்?" என்றார் கைலாசநாதன்.

"தெரியலீங்க. அவன் எதுக்குன்னு சொல்ற ஆளா?"

கைலாசநாதனுக்குக் காரணம் தேவைப்படவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு விவரம் கேட்டு வந்திருக்கிறது, அனுப்ப வேண்டும். அன்று மாலையே நோட்டில் கோடு போட்டார். நாள், வேளை, அளவு, குறிப்பு. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. தெர்மாமீட்டரை இறக்கி, இழுத்து, எண்ணைச் சொல்வது அன்னபூரணி. எழுதுவது அவர். ஏன் என்றால் அவருக்குக் கண்ணில் புரை. எழுத்தையாவது பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிடுவார். அந்தப் பொடிக் கோடுகள் அவருக்குத் தெரியவே தெரியாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது, அல்லது தெரியாததுபோல் இருந்தார்.

"இருபத்தேழரைங்க மாமா."

"இருபத்தேழு, அரை" என்று வாய்விட்டுச் சொல்லி எழுதுவார்.

ஒரு வாரத்தில் தங்கையனும் வந்து தன் கிணற்றைப் பார்க்கச் சொன்னார். இருபத்தெட்டரை. தங்கையனுக்கு முகம் வாடிவிட்டது. ஆளை விட்டுத் தூர் வாரினார், சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். மறுபடி பார்த்தால் இருபத்தெட்டரை. "கருவி உங்க வூட்டுக் கருவி, உங்க வூட்டுக்குத்தான் பேசும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் நாலு நாள் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஐப்பசி கடைசியில், மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அந்தக் கடிதம் வந்தது. உள்வரவு எண் பதினொன்று. கைலாசநாதன் படித்தார். "இங்கு நலம். குளம் இருபத்தைந்து. கம்பெனியில் வேறு கப்பல் தருகிறார்கள். தொடர்ந்து இரண்டு வருஷம், நடுவில் விடுமுறை கிடையாது. கார்த்திகை பத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் எல்லோருடைய அபிப்பிராயமும் எழுதவும்."

வீட்டில் எல்லோரும் என்றால் இரண்டு பேர். அதில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"மாமா, ரெண்டு வருஷமுன்னா..."

"ரெண்டு வருஷங்கறது இருபத்திநாலு மாசந்தாம்மா."

"இல்லீங்க மாமா, நடுவுல லீவும் இல்லாம..."

"கெடைக்கிற வேலைய வேணாங்கலாமா? கூப்புட்டுக் குடுக்குறான். அப்பன்காரன் நானே வந்துடுடான்னு எழுதுனா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஆனால் புருஷன் வேண்டும் என்று மாமனாரிடம் எந்த வாயால் சொல்வது? இருபத்து மூன்று வயதில் அவளுக்குத் தெரிந்த வாய் ஒன்றுதான், அது அந்த வார்த்தைக்குத் திறக்காது. ஐம்பத்திரண்டு நாள் இருந்தவனை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் முகம் அடையாளம் தெரியுமா என்று அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. முறத்தை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றாள். மழைத் தண்ணீர் கிணற்றில் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது.

மாலை ஆறு மணி. கைலாசநாதன் குடையும் நோட்டுமாக வந்தார். அவள் தெர்மாமீட்டரை இறக்கினாள். இழுத்துப் பார்த்தாள். இருபத்தேழு.

"பதினேழுங்க மாமா" என்றாள்.

"எத்தனை?"

"பதினேழு."

பேனா காகிதத்தில் படாமல் நின்றது. "காலையில இருபத்தேழு சொன்னே."

"மழையில எறங்கிட்டுது போலருக்கு மாமா."

"குடு" என்று கையை நீட்டினார். கொடுத்தாள். தெர்மாமீட்டரைக் கண்ணருகில் வைத்தார், தூர வைத்தார், குடையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். கிண்ணத்திலிருந்த தண்ணீரில் ஒரு விரலை விட்டார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அறுபது வருஷமாகக் குளிக்கிறவர்.

"ஆமா. பதினேழு" என்றார். எழுதினார்.

கூடத்துக்கு வந்து பதிலை எழுத உட்கார்ந்தார். எழுதும்போதும் வாய்விட்டுப் படிப்பது வழக்கம். "கையெழுத்திடவும். எனக்குச் சம்மதம். கிணறு இன்று மாலை பதினேழு." அவ்வளவுதான். ஒட்டினார். மறுநாள் காலை அந்தக் கொட்டுகிற மழையில், இரண்டு வீடு தள்ளியிருக்கிற தபாலாபீசை விட்டுவிட்டு, பஸ் ஏறிக் காரைக்கால் பெரிய தபாலாபீசுக்குப் போய்ச் சேர்த்துவிட்டு, நனைந்துபோய்த் திரும்பினார். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கிணறு பழையபடி இருபத்தேழானது. அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்காமல் எழுதினார். அதுதான் அவளைப் படுத்தியது. கார்த்திகை பத்து வந்தது, போனது. கப்பலிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று முடிவுகட்டி, இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் பொய் சொன்னதற்காக அழுதாள்.

கார்த்திகை இருபத்திரண்டாம் தேதி, பகல் பஸ்ஸில் சோமசேகரன் வந்து இறங்கினான். கையில் ஒரே ஒரு பெட்டி. வாசலில் நின்றிருந்த தங்கையன்தான் முதலில் பார்த்து உள்ளே குரல் கொடுத்தார். அன்னபூரணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் அடையாளம் தெரிந்தது.

"கையெழுத்துப் போடலியா?" என்றார் கைலாசநாதன்.

"இல்லப்பா."

"ஏன்? நான் தெளிவா எழுதியிருந்தேனே."

"கெணறு பதினேழுன்னும் எழுதியிருந்தீங்க."

"எழுதியிருந்தேன். அதுக்கு?"

"பதினேழுன்னா நேர்ல வந்து பாக்கணும்ப்பா. எங்க வேலையில அது சட்டம்."

செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனான். எல்லோரும் பின்னால் போனார்கள், தங்கையன் உட்பட. கைலாசநாதன் கையில் விரித்த குடை. ஆணியில் தொங்கிய தெர்மாமீட்டரை எடுத்து இறக்கினான். காத்திருந்தான். இழுத்தான்.

"இருபத்தேழு இருக்கு" என்றான். "அன்னிக்கி யாரு பாத்தது?"

அன்னபூரணி வாயைத் திறந்தாள்.

"நான் பாத்தேன்" என்றார் கைலாசநாதன். "என் கண்ணால பாத்தேன். பதினேழுதான் இருந்துது."

அவர் கண்ணுக்கு அந்தத் தெர்மாமீட்டரும் முருங்கைக்காயும் ஒன்று என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தங்கையன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சரி" என்றான் சோமசேகரன். "நம்மூருத் தபாலு எப்பவும் இருவது நாள் ஆவும். இந்தக் கடுதாசி பத்தே நாள்ல வந்துட்டுது."

அன்னபூரணி மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குடையை மடக்குவதில் மும்முரமாக இருந்தார். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "நோட்டுல ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகிற வழியில் தங்கையனின் தோளைத் தொட்டு அவரையும் அழைத்துக்கொண்டு போனார்.

கிணற்றடியில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். அவள் கேட்பதற்கு எட்டு மாதத்துக் கேள்விகள் இருந்தன. கடைசியில் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"சாப்புட்டீங்களா?"

"சாப்புட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான் அவன். "கடுதாசி வந்துது. பாதியில கையக் கழுவிட்டு எந்திரிச்சேன்."

அவள் சோறு போடுவதற்காக உள்ளே போனாள்.