உப்பிட்ட இஞ்சி

ஐம்பது கிராம் ஓமம் வாங்கிய மனிதர் பொட்டலத்தைப் பையில் வைக்கவில்லை. கடை வாசலில் நின்றபடியே பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றார். மெல்லும்போது இடது கை தானாக நெஞ்சுக்குழிக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டது. மைசூர் மண்டி மொஹல்லாவின் அந்தச் சந்தில் ஓர் ஆட்டோ பின்னாலிருந்து ஹார்ன் அடிக்க, ஒதுங்கி நின்று, இன்னொரு சிட்டிகை போட்டுக்கொண்டார். தராசுத் தட்டைத் துடைக்கிற சாக்கில் சுலோசனா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓமத்துக்காக அவர் வருவது முதல் தடவையல்ல. வெளிர்நீலச் சீருடைச் சட்டை, நரை கலந்த மீசை, முகத்தில் மட்டும் வெயிலில் வைத்த துணி போல ஒரு வெளிறல்.

"நீரு ஸ்வல்ப கொடி" என்று கன்னடத்தில் தண்ணீர் கேட்டார். சொம்பில் கொடுத்தாள். அண்ணாந்து குடித்துவிட்டு, தனக்குள் பேசிக்கொள்வது போல, "சித்தெ நேரத்துக்குக்கூட எறங்க மாட்டேங்குது" என்று தமிழில் முனகினார்.

"தமிழுங்களா?" என்றாள்.

"ஹனூர்ப் பக்கமுங்க. நீங்க?"

"கொள்ளேகால். வயித்துக்கு என்ன பண்ணுதுங்க?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று நெடுநாள் காத்திருந்தவர் போல அவர் சொல்ல ஆரம்பித்தார். பெயர் தொட்டையன். ஹெப்பாளில் இருக்கிற கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப்போகிற பஸ் ஓட்டுகிறார். விடிகாலை தின்ற இரண்டு இட்லி மத்தியானம் வரைக்கும் கல் மாதிரி கிடக்கிறது. ஏப்பம் ஏப்பமாக வருகிறது. பசி என்ற ஒன்று வந்தே பல காலம் ஆகிறது. 'கேஸ்' என்று மெடிக்கலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், வருஷக்கணக்கில் அதையே தினமும் விழுங்குகிறார், கேட்கிறபாடில்லை. இதையெல்லாம் ஏதோ பஸ்ஸின் இன்ஜின் கோளாறைச் சொல்வது போல முகத்தில் சலனமில்லாமல் சொன்னார்.

சுலோசனா அண்ணன் கடையில் உட்கார ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஆகின்றன. கல்யாணமாகி நாலாம் வருஷமே புருஷன் மஞ்சள்காமாலையில் போனான். பிள்ளை இல்லை. அண்ணன் கரியப்பன் மைசூருக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டார். அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் போட்டு முடித்தபிறகு, அடுப்புமேடையில் தட்டை வைத்து நின்றுகொண்டே தின்பதுதான் அவள் சாப்பாடு. கடையில் என்றால் உள்ளறையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, டப்பாவைத் திறந்து, யாராவது கூப்பிடுவதற்குள் அள்ளிப் போட்டுக்கொள்வது. ருசி என்னவென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கேட்கவும் யாரும் இல்லை.

அன்றைக்கு அவருக்கு அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். குளிர்ந்த பால் குடியுங்கள், சூடு தணியும். சாப்பிட்டு முடித்ததும் மோர் நிறையக் குடியுங்கள். அவர் அப்படியே செய்தார். அடுத்த வாரம் வந்தபோது முகம் இன்னும் ஒட்டியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "பரவாயில்லீங்க" என்றார். பரவாயில்லை என்பது பொய் என்று நெஞ்சுக்குழிக்குப் போன கை சொல்லிவிட்டது. அவளுக்குச் சுருக்கென்றது.

"நான் சொன்னதக் கேக்காதீங்க. டாக்டரப் பாருங்க. நல்லா உள்ளே பாக்கற டாக்டரா."

பக்கத்தில் பருப்பு அளந்துகொண்டிருந்த கரியப்பனும் தலை நிமிராமல் சொன்னார். "அதாஞ் சரி. நாம சாமான் விக்கறவங்க சுலோ. வைத்தியம் நமக்கெதுக்கு."

பிறகு அவர் கொஞ்ச நாள் வரவில்லை. ஓம டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனையோடு ஒரு நீலச் சட்டையும் எழுந்து நிற்பதை சுலோசனா கவனித்தாள். கவனித்ததும் மூடியை இறுக்கி மூடினாள்.

வந்தபோது மழை பிடித்திருந்தது. கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கி நின்று, கைக்குட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். கேமரா விட்டுப் பார்த்தார்களாம். ரத்தமும் எடுத்தார்களாம். "ஆசிட் ஜாஸ்தின்னு நெனச்சு இத்தன நாளா அதக் கொறைக்கத்தான் மாத்திரை முழுங்கியிருக்கேனுங்க. எனக்குப் பாத்தா அது கம்மியாம். வயசானா சிலருக்கு அப்படித்தானாம். வெந்த சோத்தக் கரைக்கவே அங்க ஆள் பத்தலையாம்."

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"நானா நிறுத்தப்படாதுன்னுட்டாரு. அவரே கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கறாரு. சத்துக்கு ஊசி போடறாங்க." தயங்கினார். "கைவைத்தியம் ஏதாச்சும் பண்ணலாமான்னு கேட்டனுங்க. சோத்துக்கு முன்னால இஞ்சி ஒரு துண்டு, எலுமிச்சையும் உப்பும் போட்டு மெல்லுங்க, வெதுவெதுன்னு சீரகத் தண்ணி குடிங்க, தப்பில்ல, ஆனா அதுவே மருந்துன்னு நெனச்சுக்காதீங்கன்னாரு. சாப்பாட்டோட சொம்பு சொம்பாத் தண்ணியோ மோரோ வேண்டாம். கொஞ்சமாத் தின்னு, நல்லா மென்னு தின்னுங்க. யார் கூடச் சாப்பிடறீங்கன்னு கேட்டாருங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஸ்டீரிங் கூடன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகு இரண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள். அவர் பெண்சாதி பாப்பாயி இறந்து சில வருஷம் ஆகிறது என்று அப்போதுதான் சொன்னார். ஒரே மகள் காவேரியைச் சாமராஜநகரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். கேசரேயில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். இஞ்சி கால் கிலோ வாங்கினார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவரிடம், "இத்தன இஞ்சிய என்ன பண்ணுவீங்க? அழுகிப்போயிரும். குடுங்க, நானே செஞ்சு வெக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை அவள் இஞ்சியைத் தோல் சீவி, காகிதம் போல மெல்லிசாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் குலுக்கினாள். சிறிது நேரத்தில் இஞ்சி இளஞ்சிவப்பாக நிறம் மாறியது. ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தபோது, அண்ணி மீனா காபியோடு வந்து நின்று, "யாருக்கு?" என்றாள். "கடைக்கு வர்றவருக்கு, வயித்துல கோளாறு" என்றாள். அண்ணி மேலே கேட்கவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போனாள்.

காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டால் மத்தியான ஷிப்ட் வரைக்கும் தொட்டையனுக்கு வண்டி இல்லை. பாட்டிலை வாங்க வந்தது அந்த இடைவெளியில்தான். கரியப்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். சுலோசனா உள்ளறையில் டப்பாவைத் திறந்திருந்தாள். ராகிக் களியும் அவரைக்காய்ச் சாறும். எழுந்து வந்தவளின் கையில் களி ஒட்டியிருந்ததைப் பார்த்து அவர் சங்கடப்பட்டார். "நான் அப்பறமா வர்றனுங்க."

"உங்க டப்பா எங்க?"

தோள்பையைத் தொட்டுக் காட்டினார்.

"டாக்டரு சொன்னாரில்ல. உள்ளே வந்து உக்காந்து தின்னுங்க."

துவரம்பருப்பு மூட்டைமேல் அவர் உட்கார்ந்தார். எதிரே முக்காலியில் அவள். முதலில் இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை இடுக்கினார். காரம். பிறகு தன் டப்பாவில் இருந்த சோற்றைச் சின்னச் சின்னதாக எடுத்து மெல்ல ஆரம்பித்தார். அவர் மெல்கிற வேகத்துக்குத் தன் கையும் நிதானப்படுவது சுலோசனாவுக்கு விசித்திரமாக இருந்தது. அவரைக்காயில் அண்ணி கொஞ்சம் பட்டை போட்டிருந்தாள். அவளுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவர் எதிரில் உட்கார்ந்து தின்னும்போது சோற்றுக்கு வேறு ருசி வந்துவிடுகிறது. நீங்கள் ஒரு வாய் வைக்கிறீர்கள், எதிரே ஒரு வாய். நடுவில் ஏதாவது பேச்சு வருகிறது, வராமலும் போகிறது. வராமல் போனாலும் ஒன்றுமில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. தினமும் இல்லை. இடைவெளி கிடைத்த நாட்களில் வந்தார். வராத நாட்களில் அவள் டப்பாவைத் திறக்கத் தாமதித்தாள். இப்போது வந்துவிடுவார், இந்த ஆட்டோவுக்குப் பின்னால் வருவார் என்று இருந்துவிட்டு, ஆறிப்போனதை அவசரமாகத் தின்றாள். பாட்டில் காலியாகி வரும், நிரம்பிப் போகும். அவர் நெஞ்சுக்குழிக்குப் போகிற கை மெதுவாக மறந்துபோனது. வெளிறல் குறைந்தது. ஒரு நாள் உள்ளே வந்து மூட்டைமேல் உட்கார்ந்ததும், வெட்கத்தோடு சொன்னார்.

"பசிக்குதுங்க."

யாரோ பெரிய இடத்து விருந்தாளி வீட்டுக்கு வந்துவிட்டதைச் சொல்வது போல இருந்தது. சுலோசனா தன் டப்பாவிலிருந்த சித்திரான்னத்தில் பாதியை அவர் மூடியில் வைத்தாள். அவர் மறுக்கவில்லை. அன்றைக்கு அவர் போனபிறகு, அவர் உட்கார்ந்ததில் அமுங்கியிருந்த மூட்டையின் பள்ளத்தை அவள் நிரவிவிடவில்லை. சாயங்காலம் பருப்பு எடுக்க வந்த கரியப்பன்தான் அதை ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தினார்.

யார் சொன்னார்களோ தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து கரியப்பன் மத்தியானம் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். "வெயில்ல போயிட்டு வர முடியல" என்றார். மழை இன்னும் விட்டபாடில்லை. தன் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளறையில், அதே மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. தங்கைக்கு ஊறுகாய்கூட எடுத்து வைத்தார்.

தொட்டையன் வந்து எட்டிப் பார்த்தார். கரியப்பன், "வாங்க, என்ன வேணும்?" என்றார். தொட்டையன் தனக்கு இப்போது தேவையே இல்லாத ஓமத்தை ஐம்பது கிராம் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் வருவது குறைந்தது. வந்தாலும் வாசலிலேயே நின்றார். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள், காகிதத்தில் சுற்றியே திருப்பிக் கொடுத்தார்.

தசரா முடிந்து தெருவிளக்கு அலங்காரங்களைக் கழற்றிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு நாள் வந்தார். சட்டை நீலம் இல்லை, வெள்ளை. கல்லாவில் கரியப்பன் இருந்தார்.

"என்ற பொண்ணு அங்கயே வந்துருன்னு கூப்பிடுதுங்க. சாமராஜநகர்ல ஒரு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஆள் வேணுமாம். பேசி முடிச்சு வெச்சிருக்குது. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல." கரியப்பனைப் பார்க்காமல், சுலோசனாவையும் நேராகப் பார்க்காமல், நடுவிலிருந்த தராசைப் பார்த்துக் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?"

கரியப்பன் பொட்டலம் கட்டுகிற நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சுலோசனா தராசுத் தட்டைத் துடைத்தாள். 'போகாதீங்க' என்பது ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல அவளுக்கு என்ன பாத்தியதை என்று, அந்தச் சந்தில் போகிற வருகிற எல்லோரும் நின்று கேட்பது போல இருந்தது.

"வேளாவேளைக்குச் சாப்பாடு கெடைக்கும்னா, போறதுதானுங்க நல்லது" என்றாள்.

"செரிங்க" என்றார். "அப்ப வர்றனுங்க."

அவர் போனபிறகு அவள் வயிறு கெட்டது. தின்றது அப்படியே கிடந்தது. இஞ்சி நறுக்கி உப்புப் போட்டு மென்றாள். சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் குடித்தாள். அண்ணி கரிசனமாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அவளுக்கும் தெரியும். உள்ளறையில் அண்ணன் எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், ஹனூர் ஆள் ஒருவர் சோற்றை இத்தனை பொறுமையாக மெல்வது எப்படி என்று பார்த்துக்கொண்டே தான் தின்ற நாட்கள் வந்து மறித்தன. பொங்கல் வந்து போனது. போனில் அவர் நம்பர் இருந்தது. பாட்டில் தயாரா என்று கேட்பதற்காகக் கொடுத்தது. அவளும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அறுந்துபோகும் என்று நினைத்தபோது எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"நான் சுலோசனா."

"தெரியுதுங்க." பிள்ளைகளிடமிருந்து தள்ளி வந்தார் போலிருக்கிறது, கூச்சல் குறைந்தது. "சொல்லுங்க."

"வயிறு எப்படி இருக்குதுங்க?"

"வயித்துக்கு ஒண்ணுமில்லீங்க. மக நல்லாப் பாத்துக்குது. என்ன, அதும் வேலைக்குப் போயிருது, மருமகனும் போயிர்றாரு. மூடி வெச்சதத் தின்னுக்கறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுறாதீங்க" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பஸ் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"இல்லீங்க" என்றார். "சாப்பிடல."

மறுநாள் காலை அவள் நல்ல புடவை கட்டிக் கடை வாசலில் வந்து நின்றபோது, கரியப்பன் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"சாமராஜநகருக்கு அண்ணா."

"எதுக்கு?"

"சாப்பிடறதுக்கு."

தராசுத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது. அவர் அது நிற்பதற்காகக் காத்திருப்பது போல அதையே பார்த்தார். "நாலு பேரு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ஒரு பெண் வந்து புளி கேட்டாள். அவர் புளி எடுக்கத் திரும்பினார். அவர் திரும்பி முடிப்பதற்குள் சுலோசனா சந்தின் திருப்பத்துக்கு வந்துவிட்டாள். நிற்கவில்லை.

சாமராஜநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் இன்னும் கூட்டம் சேரவில்லை. தெரு தெரிகிற மாதிரி ஒரு மேசையில் உட்கார்ந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும், இந்தக் கடையில் இருப்பதாக அவர் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் வர முடியும். வருவதாக இருந்தால். பரிமாறுகிறவர் ஓர் இலையை அவள் முன்னால் விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"எதிர்லயும் ஒண்ணு போடுங்க" என்றாள்.

ஆளில்லாத நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் போட்டார். சோற்றைக் கொண்டுவரட்டுமா என்றதற்கு, கொஞ்சம் பொறுங்கள் என்றாள். வெளியே ஒரு மஞ்சள் பஸ் தெருமுனையில் திரும்பியது, கடந்தும் போனது. மின்விசிறிக் காற்றில் எதிரிலிருந்த இலையின் நுனி எழும்பி எழும்பி மடிந்தது. சுலோசனா கையை நீட்டி, ஈரத்தோடு இருந்த அந்த நுனியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.