டோர்கின் சொல்லாத பெயர்

ஜீபாவைக் கூட்டிக்கொண்டு போனால் காதுக்கு ஓய்வு இருக்காது என்று டோர்கினுக்குத் தெரியும். ஆனால் அக்தாவ் நகரத்தின் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில், விடியற்காலையில் எழுந்து பாலைவனத்துக்கு வரச் சம்மதிக்கிற வேறு பெண் யார் இருக்கிறாள்? ஜீபா சம்மதித்ததும் பக்தியால் இல்லை. அறுபத்தெட்டு வயதில் மேல்மாடிக்காரி திடீரென்று ஷக்பாக் அத்தா குகைப் பள்ளிவாசலுக்கு ஏன் போகிறாள் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

விஷயம் சின்னதுதான். அடுத்த வாரம் டோர்கினை மகன் அஸ்தானாவுக்கே அழைத்துப் போகிறான். வீட்டை விற்கவும் பேசி முடித்தாகிவிட்டது. போவதற்கு முன், இறந்துபோன மாமனாருக்காகக் குகையில் ஒரு தடவை ஓத வைத்துவிட வேண்டும். மூன்று வருடமாகக் கனவில் வருகிறார் மனுஷர். ஒன்றும் பேசுவதில்லை. பழைய லாரியின் மிதிபடியில் உட்கார்ந்து அவளையே பார்க்கிறார்.

முதலில் தோரிஷ் பள்ளத்தாக்கில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உருண்டைப் பாறைகள். வீட்டளவு சில, ஆட்டுக்குட்டியளவு சில, பிட்ட ரொட்டிபோல இரண்டாய்ப் பிளந்தவை சில. படையெடுத்து வந்தவர்களை ஒரு மகான் சபித்து இப்படி ஆக்கியதாக டிரைவர் சகின்திக் ஆரம்பித்தான்.

"எங்களுக்கே கதை சொல்றியா? நாங்க பொறந்தப்பவே இதெல்லாம் உருண்டுகிட்டுத்தான் கெடந்துச்சு" என்று ஜீபா அவன் வாயை அடைத்தாள். "அக்கா, இத்தனையில எதைத் தேடறீங்க?"

"பெரிய... கெட்டி உருண்டை ஒண்ணு. நடுவுல பிளந்திருக்கும்."

"கல்லுன்னு சொன்னா நாக்கு சுட்டுடுமா? நானும் காலையிலேருந்து பாக்கறேன். கெட்டி உருண்டை, கெட்டிச் சாமான்..."

டோர்கின் பாறைகளுக்கிடையே நடந்தாள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. நமக்கென்ன தடை? அவர் பெயர் தாஸ்பொலாத். தாஸ் என்றால் அவர்கள் பேச்சில் கல். நாற்பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் கல்லுக்குக் கெட்டிச் சாமான் என்றுதான் பெயர். சிறுநீரகத்தில் கல் வந்தபோது, "உள்ளே கெட்டிச் சாமான் இருக்கு டாக்டர்" என்றாள். அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு வேறு எங்கேயோ படம் எடுத்தார்.

பிளந்த பாறை கிடைத்துவிட்டது. டோர்கின் அதன் இடுக்கில் போய் உட்கார்ந்தாள். பத்தொன்பது வயதில் இதே இடுக்கில்தான் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வடக்கிலிருந்து மாமனாரின் லாரியில் வந்துகொண்டிருந்தபோது, பிறந்த வீட்டு நினைப்பில் அழுகை முட்டியது. புதுப்பெண் மாமனார் முன்னால் அழ முடியுமா? முக்காட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் சடாரென்று பிரேக் போட்டார். "இஞ்சின்ல ஏதோ கோளாறு. ஒரு மணி நேரம் ஆகும். நீ அந்தப் பக்கம் போயி நெழல்ல உக்காரும்மா" என்று வேறெங்கோ பார்த்தபடி சொன்னார். அவள் இந்த இடுக்கில் குலுங்கிக் குலுங்கி அழுது தீர்த்தாள். திரும்பி வந்தபோது அவர் இஞ்சின் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். கையில் ஒரு பொட்டு எண்ணெய்க்கறை இல்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. இன்று எப்படியோ ஜீபாவிடம் சொல்லிவிட்டாள். ஜீபா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் கேள்வி வந்தது.

"இப்பேர்ப்பட்ட மனுஷன் எதுக்குக் கனவுல வந்து ஒக்காரணும்? வெள்ளிக்கிழமை அவருக்காக ஏழு ரொட்டி சுட்டு ஓதச் சொல்றீங்கள்ல?"

"ஒரு வெள்ளி விட்டதில்லடி."

"யாரு பேருக்குன்னு சொல்லி ஓதச் சொல்வீங்க?"

"எங்க வீட்டுப் பெரியவருக்குன்னுதான்."

ஜீபா கையைத் தட்டிக்கொண்டாள். "போச்சு! உங்க வீட்டுல பெரியவங்க நாப்பது பேராவது செத்திருப்பாங்க. எந்தக் கிழவன் வாங்கித் தின்னானோ! பாவம், இவரு பசியில ஒக்காந்திருக்காரு."

டோர்கின் விரல்விட்டு எண்ணினாள். இத்தனை வருட ரொட்டி! மகனிடம் கேட்டு அவனைச் சொல்ல வைக்கலாமென்றால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஜீபாவுக்கோ சகின்திக்குக்கோ பெயர் தெரியாது. ஜீபா மட்டும் வழி நெடுக, "பேரு பொலாத்தா? இல்ல? அப்ப முதல் எழுத்தாவது சொல்லுங்க" என்று பிய்த்தெடுத்தாள்.

சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த ஷக்பாக் அத்தா குகை வாசலில் செருப்பை விட்டு உள்ளே குனிந்தார்கள். மேலே துளை வழியாக வெயில் ஒரு கட்டியாக இறங்கியது. சுவரில் பழங்காலத்துக் குதிரைகள், விரித்த கைகள். குகையைப் பார்த்துக்கொள்ளும் விளக்குக்காரர் மீர்சாகலி, எண்பது வயதிருக்கும், சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கும்மா?"

டோர்கின் தயாராக வந்திருந்தாள். வண்டியிலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதியிருந்ததை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார், தூரப் பிடித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணு போயி ஆறு வருஷமாச்சு. செத்தவரு வீட்டு ஆளே வாயால சொல்லணும், வேற யாரும் படிக்கக் கூடாது."

"நான் அந்த வீட்டு மருமக, அய்யா."

"தெரியுது. மருமகளுங்கதான் தாளோட வருவாங்க." பொக்கைவாய் சிரித்தது. "நான் ஓதறது பேரு வச்சுத்தான் போகும். பேரைச் சொல்லாம விட்டாலும் மரியாதைதான். ஆனா அந்த மனுஷன் வாசல்லயே நிப்பாரு. நீயே முடிவு பண்ணு."

ஜீபா கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மாமனாரைப் பார்த்து டோர்கின் தலைநிமிர்ந்து பேசியதில்லை, அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்த நல்ல மனுஷருக்குத் தன்னால் தர முடிந்தது இந்தப் பெயரைச் சொல்லாத மரியாதை ஒன்றுதான் என்று டோர்கின் நினைத்திருந்தாள். அதையும் இன்று உடைத்தால் என்ன மிஞ்சும்? உடைக்காவிட்டால் அவர் மிதிபடியிலேயே உட்கார்ந்திருப்பார், அஸ்தானா வரைக்கும்.

"தாஸ்பொலாத்" என்றாள்.

பழக்கமில்லாத சொல்லாதலால் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. குகை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. முகமெல்லாம் சூடேறியது அவளுக்கு.

மீர்சாகலி தலையசைத்துவிட்டு ஓத ஆரம்பித்தார். முடிவில் கைகளை ஏந்தி, இன்னாருக்கு இது சேரட்டும் என்று அந்தப் பெயரை அவர் சொன்னபோது, டோர்கின் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எழுந்துவிட்டாள். வலது முழங்காலில் கை வைத்து, மாமனார் உள்ளே நுழையும்போது புதுமருமகள் குனிவாளே, அப்படிக் குனிந்தாள். மூட்டு நறுக்கென்றது. நிமிர முடியவில்லை. யாராவது பதிலுக்கு வாழ்த்தினால்தானே நிமிரலாம்?

கண் தெரியாத கிழவருக்கு அந்த நறுக்கென்ற சத்தம் போதுமானதாக இருந்தது.

"ரொம்ப நாள் இரு தாயி" என்றார்.

ஜீபா எழுந்து வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல், அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.