பதினான்கு நாள் தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதை மறுத்துச் சத்தம் போட்டால் அதுவே சாட்சியாகிவிடும் என்பதால் நான் மறுப்பதில்லை. சிவில் மூன்றாம் ஆண்டுப் பரீட்சை முடிந்து, கல்வராயன் மலையில் சிறுபாலம் கட்டும் இடத்துக்கு ஒரு மாத இன்டர்ன்ஷிப் போனபோது, அந்தக் கோபத்தையும் ஹெல்மெட்டோடு சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டுதான் போனேன்.

வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் போனால் அத்தித்துறை. மொத்தம் நாற்பது வீடு. ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. சித்திரையில் செருப்பைக் கழற்றாமல் தாண்டிவிடலாம். மழை பிடித்துவிட்டாலோ ரேஷன் அரிசி இந்தக் கரையில் இருக்கும், சாப்பிட வேண்டியவர்கள் அந்தக் கரையில் இருப்பார்கள். பாலத்தை ஆடிக்கு முன்னால் திறந்துவிட வேண்டும் என்று ஊரே காத்திருந்தது. எனக்கோ உதவிப் பொறியாளர் மாயவன் சாருடைய கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் காலேஜில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கிடையாது.

காண்ட்ராக்டருடைய சூப்பர்வைசர் பச்சமுத்து, சின்னசேலத்துக்காரர். முதல் நாளே எனக்கு வேலை ஒதுக்கிவிட்டார்.

"மேடம், நீங்க நெழல்ல உக்காந்து நோட்டு எழுதுங்க. வெயில்ல நிக்க வேணாம்."

நான் சண்டை போட்டேன். கடைசியில் வெயிலிலும் நின்றேன், நோட்டும் என் தலையில் விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை பாலத்தின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டோம். மறுநாள் காலையில் வேலைக்கு வந்த பெண்களை நிற்க வைத்து வகுப்பு எடுத்தேன். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீர் குடித்துத்தான் இறுகுகிறது, பதினான்கு நாள் ஈரம் குறையவே கூடாது, இதற்குக் கியூரிங் என்று பெயர், தளத்தின் மேல் மண்ணால் கரை கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அந்த ஊரிலேயே வீடு உள்ள செவ்வந்தி கேட்டுக்கொண்டே நின்றாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எதிர்க்கேள்வி கேட்காமல் எதையும் செய்யமாட்டாள்.

"நாத்தங்கால் மாதிரின்னு சொன்னா முடிஞ்சிச்சி. இதுக்காவா இம்மா நேரம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் ஓடை மண்ணைக் குழைத்து ஒரு மணி நேரத்தில் கட்டிய கரைகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கயிறு பிடித்தாற்போல் நேராக இருந்தன. சொட்டுத் தண்ணீர் வெளியே போகவில்லை. ஓடையில் இருநூறு அடி கீழே ஒரு மடு வற்றாமல் இருந்தது. டீசல் எஞ்சின் வைத்து அதிலிருந்து தண்ணீர் இறைத்தோம்.

கியூரிங் நோட்டில் தேதி, காலை, மதியம், மாலை தண்ணீர் விட்ட நேரம், கையெழுத்து என்று கட்டங்கள். நான்கு நாள் ஒழுங்காக எழுதினேன். ஐந்தாம் நாள் சனிக்கிழமை நான் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும். எங்கள் அண்ணன் உமர் பாரூக்குக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அத்தா ஏற்கெனவே ஐந்து தடவை போன் செய்துவிட்டார். அத்தித்துறையில் ஒரே ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஐந்து தடவையும் ஏறி இறங்கினேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலேஜ் ரிப்போர்ட்டோடு இணைக்க அதைக் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். பாதிக் கட்டம் காலியாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? எப்படியும் செவ்வந்தி ஊற்றத்தான் போகிறாள். அதனால் பதினான்காம் நாள் வரைக்கும் நானே நிரப்பிவிட்டேன். எல்லாவற்றிலும் ஆறு மணி என்று எழுதினால் பொய் பல்லிளித்துவிடும் என்று 6.05, 6.10, 5.55 என்று மாற்றி மாற்றி எழுதினேன். ஒரு நாளைக்குப் பேனாவைக்கூட மாற்றினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நிக்காஹ் அமர்க்களமாக நடந்தது. அதற்கு மேலும் நான்கு நாள் விருந்து விருந்தென்று போயிற்று. பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை காலை, ஒரு டப்பா நிறைய தம்ரூட்டோடு ஜீப்பிலிருந்து இறங்கினேன். இனிப்பு கொண்டு வந்த பெருமை முகத்தில் வழிந்தது. செவ்வந்தி ஓடி வந்தாள். டப்பாவை அவள் பார்க்கவே இல்லை.

"மேடம், இன்னா ஆனாலும் கோணிய தூக்கிடாதீங்க."

தளத்தின் கரைகள் எல்லாவற்றின் மேலும் நனைத்த கோணிகள் கிடந்தன. தூக்காதே என்று சொன்னால் நான் தூக்காமல் இருப்பேனா? தூக்கினேன். கரை முழுக்கப் பச்சைப் பசேலென்று கேழ்வரகு நாற்று! விரல் நீளத்துக்கு, நெருக்கமாக, காற்றில் ஆடிக்கொண்டு.

"இன்னா செவ்வந்தி இது?"

"நாத்துங்க. கேவுரு."

"பாலத்து மேலயா?"

"பின்ன? மேல எங்க காட்டுல தண்ணி இல்ல. இங்க பதினாலு நாளு தண்ணி நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? வெறுங்கல்லுக்கு ஊத்தறமே, அதோட ஒரு கை வெதயும் போட்டா இன்னா கொறஞ்சிடும்னு கர கட்டன அன்னிக்கே தெளிச்சிட்டேன். இன்னிக்கி ஆபீசரு வராருன்னு பச்சமுத்து அண்ணன் சொன்னாரு. அதான் காலையில கோணி போட்டு மூடினேன்."

பாடப்புத்தகத்தில் கியூரிங் முறைகள் என்று ஏழெட்டு உண்டு. இது எதிலும் இல்லை.

"எல்லாத்தையும் புடுங்கிப் போடு. மாயவன் சார் பாத்தா என் சர்டிபிகேட் கோவிந்தா."

"பத்து நாளு வளத்தத புடுங்கவா? உங்களுக்கு மனசு வருதா?"

எனக்கு மனசு வந்தது, நேரம்தான் வரவில்லை. ஆபீஸ் ஜீப் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. கோணியைப் பழையபடி போட்டு மூடினோம்.

மாயவன் சார் தியாகதுருகத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். இறங்கியதும் தளத்தைச் சுற்றி வந்தார், பக்கவாட்டைத் தட்டிப் பார்த்தார், பிறகு நோட்டைக் கேட்டார். நான் பெருமையோடு நீட்டினேன். ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் திருப்பினார். கைக்கடிகாரத்தில் தேதியைப் பார்த்தார்.

"நாளைக்கி சாயங்காலம் அஞ்சு அம்பதுக்கு தண்ணி ஊத்தியாச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது.

"ஞாயித்துக்கெழம ஊத்தியாச்சு, திங்கக்கெழம கூட ஊத்தியாச்சு," என்று வாசித்தார். "எஞ்சின் எங்க பச்சமுத்து? காணமே?"

பச்சமுத்து தலையைச் சொறிந்தார். "அது போன திங்கக்கெழம ரிப்பேரு ஆயிடுச்சி சார். எஞ்சினயே கழட்டிக்கினு சின்னசேலம் போயிருந்தேன். நேத்துதான் வந்தேன், இன்னும் மாட்டல."

"அப்ப நாலு நாளா எஞ்சின் இல்ல. நோட்டுல மட்டும் மூணு வேளையும் தண்ணி ஓடிக்கினு இருக்குது." நோட்டை மூடினார். "இத்த நான் எப்பிடிப் பாஸ் பண்றது? கியூரிங் சந்தேகம்னு எழுதிடுவேன். பாலத்து மேல பாரம் ஏத்தி லோடு டெஸ்ட் வச்சித்தான் தொறக்கணும். அதுக்கு ரெண்டு மாசமோ மூணு மாசமோ, எனக்குத் தெரியாது."

மூன்று மாதம் என்றால் ஆடி போய்விடும். செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கொடத்துல ஊத்தினோம்," என்றாள். "எஞ்சின் போன அன்னிலேருந்து நானும் இன்னும் ரெண்டு பொம்பளைங்களும் மடுவுலேருந்து தூக்கினு வந்தோம். ஒரு நாளைக்கி நாப்பது கொடம்."

"நீ ஊத்திருப்ப, இல்லன்னு சொல்லல. ஆனா நோட்டு இருக்கற லட்சணத்துக்கு நான் எத்த நம்பறது?"

அந்த இடத்தில் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. கல்யாண வீட்டில் நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று பெண்கள் இருநூறு அடி மேடு ஏறி நாற்பது குடம் தூக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய உண்மையான தண்ணீரை என்னுடைய பொய்த் தண்ணீர் அழித்துவிட்டது. அவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"சார், நோட்டு பொய்," என்றேன். "அஞ்சாவது நாள்லேருந்து நான் இங்க இல்ல. கெளம்பறதுக்கு முன்னாடியே உக்காந்து எழுதினேன். சர்டிபிகேட் குடுக்காதீங்க, பரவால்ல. ஆனா இவங்க தண்ணி ஊத்தினது நெஜம். காட்டறேன்."

போய்க் கோணியை இழுத்தேன். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். செவ்வந்தி "ஐயோ மேடம்" என்று கையைப் பிடித்தாள். பச்சமுத்து "அட கடவுளே" என்று திரும்பி நின்றுகொண்டார்.

மாயவன் சார் கிட்டே வந்து பார்த்தார். பிறகு, "கவருமென்ட் பாலத்துல வெள்ளாமையா!" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தின் மேல் ஏறினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு நாற்றை வேரோடு எடுத்தார். வேரைத் தண்ணீரில் அலசினார், இலையை எண்ணினார். அந்த நேரத்தில் அவர் ஆபீசர் மாதிரியே இல்லை.

"எப்ப தெளிச்ச?"

"கர கட்டன அன்னிக்கி சார்."

"பத்து நாளு நாத்துதான்." கரை மண்ணில் விரலை விட்டு ஆழம் பார்த்தார். "நாலு வெரக்கட மண்ணு. அடியில கல்லு. இந்த வெயில்ல ஒரு பகலு காஞ்சாலும் மொத்தமா சுருண்டிருக்கும்."

எழுந்து ஒவ்வொரு கரையாக நடந்தார். நான் அவர் பின்னால் போனேன். எல்லா இடத்திலும் ஒரே உயரம், ஒரே பச்சை. வடக்கு மூலையில் மட்டும் மொட்டையாக இருந்தது. அவர் நின்றார்.

"இங்க இன்னா?"

"ஆடு மேஞ்சிட்டுது சார்," என்றாள் செவ்வந்தி. "பக்கத்து வூட்டு சின்னப்பொண்ணோட ஆடு. அவளோட சண்ட போட்டு ரெண்டு நாளா பேச்சு இல்ல."

குனிந்து பார்த்தார். கடித்த கட்டைகள் ஈரமாக, மறுபடி துளிர்த்துக்கொண்டிருந்தன. அவருக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். பச்சமுத்துவும் இதுதான் சமயம் என்று சத்தமாகச் சிரித்தார்.

"பாலத்துக்காவ ஊத்தினியா, நாத்துக்காவ ஊத்தினியா?"

"ரெண்டுத்துக்கும் ஒரே தண்ணிதானே சார். பாலம் ஆச்சின்னா மொதல்ல போறதும் நாங்கதானே."

அவர் நோட்டைத் திறந்து சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்தார். "கான்கிரீட் போட்ட அன்னிக்கி கட்டியா வாத்து வச்சதோட கியூப் டெஸ்ட் ரிசல்ட் இருபத்தெட்டு நாள்ல வரும். அது சரியா வந்தா பாலம் பாஸு. சந்தேகம்னு நான் எழுதல. நீங்க எழுதினத நீங்களே அடிங்க. நடந்தத எழுதுங்க. சர்டிபிகேட்ட மாசக் கடைசில பேசலாம்."

நானே அடித்தேன். ஒவ்வொரு 6.05-ஐயும் 6.10-ஐயும் அடிக்கும்போது காது சூடாயிற்று. கீழே எழுதினேன்: ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை நான் பணியிடத்தில் இல்லை. இந்த நாட்களில் தினமும் மூன்று வேளை தண்ணீர் விட்டவர் செவ்வந்தி. ஏழாம் நாள் முதல் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து குடத்தில். ஆதாரம்: கரைகளில் உள்ள கேழ்வரகு நாற்று, வயது பத்து நாள்.

கையெழுத்துப் போடச் சொல்லிச் செவ்வந்தியிடம் நீட்டினேன். அவள் பேனாவை வாங்கவில்லை.

"இன்னா எழுதிருக்குதுன்னு படிச்சிக் காட்டுங்க."

"நீங்க செஞ்சததான் எழுதிருக்கேன்."

"அது சரி. படிக்காம எப்பிடிக் கையெழுத்து போடறது?"

படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள். "மூணு வேள இல்ல. பொதங்கெழமயும் வியாழக்கெழமயும் வெயிலு ஜாஸ்தி. நாலு வேள ஊத்தினோம்." திருத்தினேன். அதன்பிறகுதான் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். எழுதி முடித்து, மாயவன் சார் கையிலிருந்த நாற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். தம்ரூட் டப்பாவை அப்போதுதான் திறந்தோம். சார் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, "எஞ்சின் மாட்டற வரைக்கும் நானும் தூக்கறேன்" என்று ஒரு குடத்தோடு மடுவுக்குப் போனேன். செவ்வந்தி சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். ஆறு மணிக்குக் குடத்தை இடுப்பில் வைத்தேன். மேட்டில் இரண்டு தடவை உட்கார்ந்தேன், ஒரு தடவை வழுக்கினேன். அவள் நான்காவது குடத்தை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது நான் முதல் குடத்தோடு தளத்தை அடைந்தேன். மூச்சு வாங்க உட்கார்ந்து நோட்டை எடுத்து, மணி பார்த்து, 6.40 என்று எழுதினேன்.

செவ்வந்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நனைந்து ஒட்டியிருந்த என் சுடிதாரையும் பார்த்தாள்.

"இன்னா எழுதிருக்கீங்க?"

"ஆறு நாப்பது. ஒரு கொடம்."

"அர கொடம்னு எழுதுங்க."

அடித்துவிட்டு, அரைக் குடம் என்று எழுதினேன்.