கட்டிக் கிடந்த கப்பல்

உருண்டு போகிறது பேனா, மேஜையின் ஓரம் வரை போய், கேப்டன் அருள்தாசனின் டீ கோப்பையில் முட்டி நிற்கிறது, கப்பல் ஆடுது சார் என்று நான் சிரிக்கிறேன், அவர் சிரிக்கவில்லை, ஜன்னலைக் காட்டுகிறார், வெளியே துறைமுகச் சுவர், வடம் போட்டு இறுக்கிய கப்பல், கட்டிப் போட்டுல்லா கெடக்கு, எங்கடே ஆடுது, கைக்கு என்ன, என்கிறார். ஒண்ணுமில்ல சார், இன்ஜின் ரூம் வெக்கை, மரத்துப்போச்சு, ஊருக்குப் போனா சரியாயிரும். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து நான் இறங்கும் நாள் அது, பத்து நாளாக மரத்துக் கிடந்த வலது கை, ஸ்பேனரைப் பிடித்தால் நழுவும், சோற்றைப் பிசைந்தால் விரல் வேறு யாருடையதோ போலிருக்கும், யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நோயாளி என்று லாக் புத்தகத்தில் ஏறும், ஏறினால் அடுத்த கப்பலுக்கு எந்தக் கம்பெனியும் கூப்பிடாது, பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பந்தத்தை முடித்து இறங்குவதுதான் எங்கள் கெட்டிக்காரத்தனம், நான் பெரிய கெட்டிக்காரன். எழுதிராதீங்க சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன் என்றேன், அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார், பிறகு பேனாவை எடுத்து என் விரலுக்குள் வைத்தார், நல்ல உடல்நலத்தோடு இறங்குகிறேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள், சாப்பிட உட்கார்ந்தவன் தட்டின் மேலேயே சாய்ந்தேன், என்னங்க, என்னங்க என்று என் மனைவி பிரகாசி கத்தியது இன்ஜின் சத்தத்துக்கு அப்பாலிருந்து கேட்டது, பக்கவாதம் என்றார்கள், வலது கை போயிற்று, கால் பாதி போயிற்று, இழப்பீடு கேட்டோம், கம்பெனி அந்த ஒரு தாளின் நகலை அனுப்பியது, கப்பலில் நலமாக இருந்தவர், நோய் வீட்டில் வந்தது, நாங்கள் பொறுப்பல்ல. பிரகாசி மீன் பதனிடும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுகிறாள், பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும், இருபத்தோரு வருஷம் இன்ஜின் இரைச்சலில் தூங்கியவனுக்கு இந்த அமைதி பயமாக இருக்கிறது, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக் கண்ணை மூடுகிறேன், இரும்புப் படிகள் இறங்குகின்றன, சூடான எண்ணெய் வாசம், ஃபிட்டர் அண்ணே என்று யாரோ கூப்பிடுகிறார்கள், இந்தா வாரேன் என்று எழுகிறேன், கால் வரவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் என் போனை எடுப்பதில்லை, குறை சொல்ல மாட்டேன், சீக்காளியாய் இறங்கிப்போன ஒருவனுக்கு நானும் இப்படித்தான் எடுக்காமல் இருந்திருக்கிறேன். அலமாரியில் நான் இன்ஜின் ரூமில் போட்ட நீல பாய்லர் சூட் துவைத்து மடித்து இருக்கிறது, யாருக்காவது கொடுத்துரட்டா என்று பிரகாசி ஒருமுறை கேட்டாள், நான் ஏசிய ஏச்சில் பிறகு கேட்கவில்லை.

வக்கீல் செண்பகவல்லி மேஜையில் இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைக்கிறார், ஏறும்போது நான் போட்ட கையெழுத்து, இறங்கும்போது போட்டது, நல்லாப் பாருங்க அண்ணாச்சி என்கிறார், முதலாவது கோட்டின் மேல் நிற்கிறது, இரண்டாவது சரிந்து, கோட்டுக்குக் கீழே போய், பாதியில் அறுந்திருக்கிறது, அவங்க அனுப்புன தாளே உங்களுக்குச் சாட்சி, ஆனா நடந்ததை நீங்க எழுதிக் கொடுக்கணும், மறைச்சதையும், இனி கடல் வேலைக்கு லாயக்கில்லங்கறதையும். எனக்குக் கோபம் வருகிறது, யாரும்மா லாயக்கில்ல, ரெண்டு மாசம் எண்ணெய் தேய்ச்சா கை வந்துரும், அடுத்த கப்பல்ல, என்று சொல்ல வந்தவன் நிற்கிறேன், பிரகாசி ஐஸில் வெடித்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்த அடுத்த கப்பலுக்காகத்தான் இன்னமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது வரப்போவதில்லை. வலது கையாலேயே போடுகிறேன் என்கிறேன், பிரகாசி பேனாவை என் விரல்களுக்குள் வைக்கிறாள், நிற்கவில்லை, நழுவி விழுந்து உருண்டு போகிறது, மேஜையின் ஓரம் வரை, கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கப்பல் ஆடல சார், என் கைதான், என்கிறேன், என்ன சொல்றீங்க அண்ணாச்சி என்கிறார் வக்கீல், ஒண்ணுமில்லம்மா, லாயக்கில்லன்னே எழுதுங்க, பேனாவை இந்த இடது கையில கொடுங்க.