தாழ்ப்பாள் பக்கம்

அந்தக் கதவை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது என்று பேச்சு வந்த அன்றைக்கே அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அவள் புருஷன் காதில் போட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

வீடு அவனுக்கு அவன் அப்பா வழியில் வந்தது. கனத்த சுவர், மரத்தூண்கள், வாசலுக்கு ஓர் ஒற்றைக் கதவு. ஓர் ஆள் தனியாக அசைக்க முடியாத கதவு அது. தெருவைப் பார்த்த முகம் முழுக்கக் கொடியும் கிளியும் குதிரையுமாகச் செதுக்கல். வீட்டைப் பார்த்த முகத்தில் அழகு ஒன்றும் கிடையாது. இரும்புப் பட்டையும், ஒரு முழ நீளத்துக்குத் தாழ்ப்பாளும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டுப் புதுசாகக் கட்டப்போவதாகத்தான் முதலில் குதித்தான். பிறகு ஒரு கூட்டாளியின் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பாதி பழசு, பாதி புதுசு. ஸ்டீல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மரத்தூண், பூசாத சிமெண்ட் சுவரில் பழைய சாமான்கள். போதாதா? தன்னிடம் இல்லாத ஒன்று இன்னொருத்தனிடம் இருந்தால் அவனுக்கு வயிறு எரியும். எரிந்தால் அந்தச் சூடு அவள் முதுகில்தான் இறங்கும்.

டிசைனர் வந்தான். இளவட்டம். முடியை உச்சியில் அள்ளி முடிந்திருந்ததால் வேலையாட்கள் வந்த அன்றே அவனுக்குக் குடுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேச்சில் தேன் ஒழுகும். வேலையும் தெரிந்தவன்தான், குறை சொல்லக் கூடாது. பழைய தூண்களைச் சுரண்டி, எண்ணெய் தடவி, ஸ்டீல் உத்தரத்துக்குக் கீழே நிறுத்தினான். சமையலறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்த்தான். பரணில் கிடந்த உலக்கையையும் முறத்தையும் பித்தளைக் குடத்தையும் துடைத்து ஹால் சுவரில் மாட்டி, மேலே குட்டி விளக்குப் போட்டான். வாசலுக்கு நம்பர் அடித்தால் திறக்கிற கண்ணாடிக் கதவு. பழைய கதவைப் படுக்கையறைக்குக் கொண்டு போனான்.

"செதுக்கல் ஹால் பக்கம் தெரியற மாதிரி மாட்டிடலாமா சார்?" என்று தச்சர் கேட்டார்.

"எதுக்கு? வர்றவன் போறவன் எல்லாம் கண்ணு வைக்கவா? நான் கட்டில்ல படுத்துக்கிட்டே ரசிக்கணும்யா. உள்பக்கம் வை."

தச்சர் தலையைச் சொறிந்தார். "அப்போ தாழ்ப்பாள் வெளியில வந்துடுமே சார்."

"வரட்டுமே," என்றான் குடுமி. "ஹால்ல அந்த இரும்பு தெரிஞ்சா கெத்தா இருக்கும்."

அவள் புருஷன் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெளியில் அவனைத் தங்கம் என்பார்கள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். வீட்டுக்குள் வந்தால் கைதான் பேசும். குழம்பில் உப்புக் குறைந்தால் ஓர் அறை, கூடினால் இரண்டு. கல்யாணமான புதிதில் கன்னத்தில் இறங்கிய கை, பிறகு புத்தி தெளிந்து, துணி மறைக்கிற இடமாகப் பார்த்து இறங்கியது. தோள், முதுகு, மேல்கை, தொடை. அதிலும் ஒரு டிசைன் வைத்திருந்தான் பாவி.

சமையலறைச் சுவர் போனபோது அவள் சந்தோஷப்பட்டாள், பைத்தியக்காரி. ஹாலிலிருந்து எல்லாம் தெரிகிறது, இனி கை ஓங்க யோசிப்பான் என்று நினைத்தாள். அவன் யோசித்தான்தான். யோசித்து, அவளைப் படுக்கையறைக்கு இழுத்துப் போகப் பழகிக்கொண்டான். அந்த அறையின் ஜன்னல் திறக்காது. இரட்டைக் கண்ணாடி. தெருவில் லாரி போனால்கூட ஊமைப் படம் ஓடுகிற மாதிரி இருக்கும். "சத்தம் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது சார்," என்று குடுமி பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். அவனுக்கு என்ன தெரியும்!

வேலை முடியும் தறுவாயில் ஒரு நாள் காலை, சட்டையில் இஸ்திரி மடிப்பு சரியில்லை என்று அவளை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான். ஃபோனையும் எடுத்துக்கொண்டான். அவள் கதவை அடித்தாள், உதைத்தாள், தோளால் மோதினாள். கிளியும் குதிரையும் அவளைப் பார்த்தபடியே இருந்தன. ஜன்னலுக்கு அப்பால் எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். இரண்டாம் வகுப்பு. ஆளைப் பார்த்தால் சுண்டெலி மாதிரி இருப்பாள், அதனால் சுண்டு. நம்பர் அடித்து வாசல் கதவைத் திறந்து வந்தவள், நாற்காலி போட்டு ஏறித் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அது அவளுக்கு அசைந்து கொடுக்குமா? பழைய கதவு, புது நிலைக்குக் கொஞ்சம் குட்டை. கீழே ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியாகச் சுண்டு பிஸ்கட்டைத் தள்ளினாள். பிறகு விரல்களை நுழைத்தாள்.

"அம்மா, என் கையைப் பிடிச்சுக்கோ. எனக்குப் பயமா இருக்கு."

தரையில் குப்புறப் படுத்து அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் முடிவு செய்தாள். என்னை அடிக்கிறான், அடித்துத் தொலையட்டும். ஆனால் இந்தத் தாழ்ப்பாள் வெளியே இருக்கிறவரை ஒருநாள் இந்தப் பிள்ளையும் உள்ளே போகும். அதற்கு முன்னால் இந்தக் கதவு திரும்பியாக வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, கட்டில் தலைமாட்டுப் பலகையைப் பொருத்தத் தச்சர் வந்தார். அவன் வீட்டில் இல்லை.

"அண்ணே, இந்தக் கதவைத் திருப்பி மாட்டிக் கொடுங்கண்ணே. தாழ்ப்பாள் உள்ளே வர்ற மாதிரி."

"சார் கோவிச்சுக்குவாரேம்மா."

"நான் சொல்லிக்கறேண்ணே."

"சரிம்மா. ஆளுங்களோட வர்றேன்."

தச்சர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களால் வருகிற ஆபத்து இருக்கிறதே, அதை எங்கே போய்ச் சொல்வது! ஓனர் வாயால் ஒரு வார்த்தை வராமல் ஓனர் வீட்டுக் கதவில் கை வைக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் எழுதாத சட்டம். மறுநாள் லீவு நாள். காலையிலேயே அவனுக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

அன்றைக்குத்தான் ஒரு பத்திரிகையிலிருந்து வீட்டைப் படம் எடுக்க வருவதாக இருந்தது. அவள் என்ன உடுத்த வேண்டும் என்பதைக்கூட அவனே தீர்மானித்து, முழுக்கை வைத்த உடுப்பைக் கட்டில் மேல் விரித்து வைத்திருந்தான். மேல்கையில் பழைய காயம் இன்னும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது.

"அப்படியா? அம்மா சொன்னாங்களா? சரி சரி, நான் சொல்றேன்," என்று பேசி முடித்து, ஃபோனைச் சாப்பாட்டு மேசையில் மெல்ல வைத்தான். மெல்ல வைத்தால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அடுப்பை அணைத்தாள்.

"என் வீட்டுக் கதவைத் திருப்ப நீ யாருடி?"

"இல்லைங்க, குழந்தை..."

மயிரைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். ஹால் முழுக்கத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். அவன் ஆசை ஆசையாகப் போட்ட பளபளக்கும் தரையில் அவள் கால் ஊன்ற இடமில்லாமல் வழுக்கியது. படுக்கையறைக்குள் தள்ளி, விழுந்தவளை விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். மூச்சு வெளியே போனது, உள்ளே திரும்பவில்லை.

"வேலைக்காரன்கிட்ட போய் என்னைப் பத்தி வத்தி வைக்கிறியா? திருப்பணுமா? கதவைத் திருப்பணுமா? இந்தா, இதைத் திருப்பிக்கோ!"

இடது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். முறுக்கிக்கொண்டே போனான். மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஐயோ, அந்த வலியை எழுத்தில் எப்படிச் சொல்வது! கண் இருட்டியது. இருட்டு விலகியபோது சுண்டு ஓடி வந்து அவன் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். விடவில்லை. ரத்தம் வரக் கடித்தாள்.

அவன் கையை உதறினான். சுண்டெலி அளவு பிள்ளை, பறந்து போய்க் கட்டில் காலில் மோதியது. நெற்றி பிளந்தது. பிள்ளை அழவில்லை, வாயைத் திறந்தபடி மலங்க மலங்க விழித்தது.

"உனக்கும் கொழுப்பா? இன்னிக்குப் படம் எடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் நீயும் இதுக்குள்ளதான். உங்கம்மா மாதிரி நீயும் கிடந்து அழு," என்று பிள்ளையின் சட்டையைப் பிடித்துத் தூக்கப் போனான்.

அவள் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. வெளியே ஓடினாள்.

"ஓடுடி, ஓடு! எங்க போவ?" என்று அவன் திரும்பாமலேயே சிரித்தான்.

அவள் எங்கேயும் போகவில்லை. ஹால் சுவருக்குத்தான் போனாள். குட்டி விளக்குக்குக் கீழே உலக்கை இருந்தது. குடுமி மெருகேற்றி வைத்திருந்த உலக்கை, நுனியில் இரும்புப் பூண். வலக்கையால் பிடுங்கினாள். ஆணியோடு வந்தது.

அவன் பிள்ளை மேல் குனிந்திருந்தான். உலக்கையைக் கக்கத்தில் அணைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து, அவன் முழங்காலில் பக்கவாட்டில் இடித்தாள். தேங்காய் உடைகிற சத்தம். அவன் கத்தவில்லை, முதலில் ஆச்சரியப்பட்டான். சாய்ந்தவன் கையை நீட்டி அவள் காலைப் பிடித்தான். அந்தக் கையிலும் இடித்தாள். விரல்கள் விட்டன. இன்னொரு இடி தலைக்குத்தான் போக வேண்டியது. உலக்கை உயர்ந்தும் விட்டது. சுண்டு "அம்மா" என்றாள்.

உலக்கையைப் போட்டுவிட்டு அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இடுப்பால் கதவைத் தள்ளினாள். அவன் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வருவது தெரிந்தது. தாழ்ப்பாள் ஒரு கைக்கு நகர மறுத்தது.

"சுண்டு, தள்ளுடி! தள்ளு என் கண்ணு!"

சுண்டு பக்கத்தில் கிடந்த நாற்காலியில் ஏறினாள். நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, இரண்டு கையாலும் தள்ளினாள். தாய் தோளைக் கொடுத்தாள். கரகரவென்று தாழ்ப்பாள் ஓடி, நிலையில் போய் விழுந்தது. அதே நொடியில் உள்ளேயிருந்து அவன் மோதினான். கதவு அசையக்கூட இல்லை.

மோதினான், கத்தினான், கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்து போகிறவரை திட்டினான். பிறகு இடைவெளிக்குப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும், குரல் தரையிலிருந்து வந்தது.

"திற. ஒண்ணும் பண்ண மாட்டேன். ஃபோட்டோக்காரங்க வந்துடுவாங்க. மானம் போயிடும். திறடி."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை "நீங்க" என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

"நீ உள்ளேயே கிட," என்றாள்.

அவன் ஃபோன் மேசையில் இருந்தது. அதை எடுக்க எழுந்தபோது வாசலில் மணி அடித்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குடுமி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் தோளில் கேமரா மாட்டிய ஒரு பெண். முழுக்கை உடுப்பு உள்ளே புருஷனோடு கிடந்தது. அவள் இருந்த கோலத்திலேயே போய்த் திறந்தாள்.

குடுமியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கண் அவள் தொங்கும் கைக்குப் போனது, பிள்ளையின் நெற்றிக்குப் போனது, ரத்தம் தீற்றிய தரைக்குப் போனது.

"மேடம்... என்னாச்சு? சார் எங்கே?"

"உள்ளே இருக்காரு. கதவை ரசிச்சுக்கிட்டு இருக்காரு."

படுக்கையறையிலிருந்து மடார் மடார் என்று புதுச் சத்தம் வந்தது. கிடந்த உலக்கையை எடுத்துவிட்டான் போலிருக்கிறது. மரம் சிராய் சிராயாகப் பெயர்வது கேட்டது. குடுமி தன்னை மறந்து ஓடினான்.

"ஐயோ, செதுக்கலை உடைக்கிறாரே! சார்! சார்!"

அவன் கை தாழ்ப்பாளுக்குப் போவதற்குள் சுண்டு நாற்காலியில் ஏறி, தாழ்ப்பாள்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"தொடாதீங்க அங்கிள்."

குடுமி பிள்ளையைப் பார்த்தான். தாழ்ப்பாளைப் பார்த்தான். கெத்தா இருக்கும் என்று தான் சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்து, பின்னால் நகர்ந்து நின்றான்.

கேமராக்காரப் பெண் அதற்குள் போலீசுக்குப் பேசத் தொடங்கியிருந்தாள். பேசி முடித்து, அவளை மெல்ல இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களாக்கா?"

"அப்புறம். முதல்ல எடுங்க," என்று அவள் பச்சையும் மஞ்சளுமான மேல்கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இது பழசு. அந்தக் கை புதுசு. ரெண்டையும் சேர்த்து எடுங்க."